நகம் வெட்டாமல் வரவும்

ஜனவரி 6, திங்கள்

இன்று முதல் சட்டையின் மேல் பொத்தானைப் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. கண்ணாடி முன் கணிசமான நேரம் நின்று, இரு தரப்பு வாதங்களையும் கேட்ட பிறகு எடுத்தது. சென்னையின் வெக்கை, கழுத்துக்கும் காற்று கிடைக்க வேண்டும் என்ற நியாயம், மேல் பொத்தான் என்பதே குளிர்தேசத்துக்காரர்கள் ஊர் திரும்பும்போது இங்கே மறந்து விட்டுப்போன பொருள் என்ற வரலாற்றுக் கோணம் எல்லாம் பரிசீலிக்கப்பட்டன. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான்களுக்கும் இதே முடிவு பொருந்தும். கையை மடித்து விட்டுக்கொள்ளலாம். முடிவு உடனடியாக அமலுக்கு வந்தது.

பெர்னத் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "இன்னாங்க இது, அடிதடிக்குப் போற மாதிரி கெளம்பிட்டீங்க?"

சீர்திருத்தவாதிகளுக்கு முதல் எதிர்ப்பு சொந்த மனைவியிடமிருந்துதான் வரும். அவள் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குப் போனாள், நான் நூலகத்துக்குப் போனேன். அங்கே யாரும் கவனிக்கவில்லை. எங்கள் கிளை நூலகத்துக்கு வருகிறவர்கள் மூன்றாம் நிலை நூலகர் என்று ஒருவர் இருப்பதையே கவனிப்பதில்லை. அவருடைய பொத்தான் அவர்களை என்ன செய்துவிடப் போகிறது.

ஜனவரி 8

மாங்காய் ஊறுகாய் பாட்டிலின் மூடி இந்த முறை மிக மோசமான தயாரிப்பு. கீழ் வீட்டில் கொடுத்துத் திறந்து வாங்கி வந்தேன். கம்பெனிக்கு எழுத வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

கேரம் கிளப்புக்குப் போய் வந்தேன். கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவுக்குப் பூங்கா கிடையாது, மைதானம் கிடையாது, ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கேரம் கிளப் உண்டு. இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான் இருப்பேன். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி அங்கே போட்டி நடக்கும். அதில் தம்பதியர் பிரிவு என்று ஒன்று உண்டு. நானும் பெர்னத்தும் அதில் மூன்று முறை கோப்பை வாங்கியிருக்கிறோம். அந்த வெற்றிகளில் என் பங்கு எவ்வளவு என்பது பற்றி இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. ஒன்று என்னுடையது. மற்றது பெர்னத்துடையதும் தெருவில் உள்ள மற்ற அனைவருடையதும்.

கிளப் செயலாளர் தாவூத் பாய் என்னை ஓரமாக அழைத்துப் போனார். பந்தல் காண்ட்ராக்டர். கிளப்பில் எல்லோரும் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் சித்திரை வெயிலிலும் சாக்ஸும் ஷூவும் போட்டிருப்பார். பதவியின் கௌரவம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கினார்.

இந்த நாட்டில் இப்படித் தொடங்கிய எந்தப் பேச்சும் சரியாக எடுத்துக்கொள்ளும்படி முடிந்ததில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய புது ஸ்ட்ரைக்கர் ஒன்றை எடுத்தார்.

"இது உங்களுக்குன்னு வாங்கினேன். தனியா. நீங்க இத்தயே வெச்சி ஆடுங்க."

"டபுள்ஸில் நான்கு பேருக்கும் ஒரே ஸ்ட்ரைக்கர்தானே பாய்?"

"அதான் சொல்ல வரேன்" என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். தொடவில்லை.

என் வலது கையின் ஆள்காட்டி விரல் நகமும் நடுவிரல் நகமும் இரண்டு வருடமாக நன்றாக இல்லை. மஞ்சளாகத் தடித்து, நுனியில் சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. மேலே குண்டூசியால் குத்தியதுபோலச் சிறு சிறு குழிகள். தெருமுனை மருந்துக் கடைக்காரர் கோதண்டம் அப்போதே நகத்தில் பூஞ்சை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது தெருவுக்கே தெரியும். கேரம் என்பது நகத்தால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற ஆட்டம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். மத்தவங்க கேக்கறாங்க. பூஞ்சைன்னா ஒட்டிக்கும்ல? டாக்டராண்ட ஒரு லெட்டர் வாங்கினு வந்துடுங்க, இது யாருக்கும் ஒட்டாதுன்னு. ஆகஸ்ட் மேட்ச்சுல உங்க ரெண்டு பேரு பேரையும் எழுதிக்கறேன். இல்லாங்காட்டி இந்த வருசம் கஷ்டம்."

தேநீர் வந்தது. எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், எனக்கு மட்டும் காகிதக் கப். நான் அதைச் சுகாதார முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். பெர்னத் பலகையை எடுத்துப் போட்டு, பவுடர் தூவி, ஒரு பக்கம் உட்கார்ந்து ஆடினாள். பிறகு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து எனக்கான ஆட்டத்தையும் அவளே ஆடினாள். என் பக்கம் நன்றாக ஆடியது.

ஜனவரி 20, திங்கள்

நாளை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகிறேன். ஏற்பாடுகள் முடிந்தன.

டாக்டரைப் பார்க்க அழுக்கு நகத்தோடு போகிற குடும்பம் அல்ல எங்களுடையது. நகங்களை எவ்வளவு ஒட்ட வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டினேன். அடியில் இருந்த மாவு போன்ற பொருளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவினேன். நேற்று இரவு பெர்னத் மருதாணி அரைத்து இரண்டு நகத்திலும் தொப்பி மாதிரி வைத்துவிட்டாள். நகத்துக்கு மருதாணியை விட நல்லது எதுவும் இல்லையாம். மாலையில் கோதண்டம் தாமாகவே முன்வந்து, வழக்கமான பூஞ்சை பாலிஷை ஒரு பூச்சு அதிகமாகப் பூசிவிட்டார். "டாக்டர் பாக்கும்போது பளிச்சின்னு இருக்கணும் சார்."

நகங்கள் செம்மஞ்சளாக மின்னுகின்றன. இவ்வளவு சுத்தமாக அவை என்றும் இருந்ததில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

டாக்டர் செண்பகவல்லிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் விரல்களை விளக்கின் கீழே பிடித்தார். தயங்காமல் பிடித்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

"வீட்ல யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்லை டாக்டர். மருதாணி மருந்துக்காக வைத்தது."

"நகத்துக்கு அடியில ஒண்ணுமே இல்லையே. சுரண்டினீங்களா?"

"பிரஷ் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சம்பழமும் போட்டேன்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "சார், எனக்கு வேணுங்கிறதே அந்த அழுக்குதான். பூஞ்சை இருந்தா அதுலதான் இருக்கும். அதைக் கழுவித் துடைச்சு, மேல மருந்தும் பூசி, கலரும் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. இதுல நான் எதை எடுத்து டெஸ்ட் பண்றது?"

"டாக்டரிடம் வரும்போது சுத்தமாக..."

"விருந்துக்குப் போறப்ப சுத்தமா போங்க. என்கிட்ட அழுக்கா வாங்க."

இரண்டு வருடமாக என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். விட்டு விட்டு, வாரம் ஒரு மாத்திரை என்றேன். யார் சோதித்துப் பார்த்துக் கொடுத்தது என்றார். கோதண்டம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிட்டார் என்றேன். கோதண்டத்தின் பார்வைக் கூர்மை பற்றி டாக்டர் கருத்து ஏதும் சொல்லவில்லை.

"நல்ல மாத்திரையாக நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் டாக்டர். ஒரு நகத்துக்குப் போய் டெஸ்ட் எல்லாம் எதற்கு?"

"இந்த மாதிரி நகத்தோட வர்றவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பூஞ்சையே இருக்காது. அடிபட்டாலும் இப்படி ஆகும், வேற தோல் வியாதி இருந்தாலும் இப்படித்தான் ஆகும். கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு போலத் தெரியும். பூஞ்சை மாத்திரையை மாசக்கணக்கில சாப்பிடணும். அது கல்லீரலுக்குப் போய் வேலை வைக்கும். இல்லாத பூஞ்சைக்காக அதை ஏன் தொந்தரவு பண்ணணும்?"

உடம்பில் வேறு எங்காவது தோல் பிரச்சினை, மூட்டு வலி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பொடுகு உண்டு. ஆனால் அது ஷாம்பூ சம்பந்தப்பட்டது என்பதால் சொல்லவில்லை.

சீட்டில் எழுதிக் கொடுத்தார்: எல்லா மருந்தும் நிறுத்தவும். பாலிஷ், மருதாணி கூடாது. ஒரு மாதம் கழித்து, நகம் வெட்டாமல் வரவும்.

ஜனவரி 30

நகம் வளர்கிறது. வேறு செய்தி இல்லை. நூலகத்தில் தோல் நோய்களுக்கான எண் 616.5. அதன் கீழ் எங்களிடம் இரண்டு புத்தகங்கள் இருக்க வேண்டும். ஒன்றை யாரோ திருப்பித் தரவில்லை. மற்றதைப் பூசணம் தின்றிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிளப்புக்குப் போகவில்லை. இளைஞர்களுக்கு வாய்ப்பு தர வேண்டும்.

இந்த ஆண்டு காலைக் குளிர் அதிகம். காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் உட்காருவது எனக்குப் பழக்கமாகியிருக்கிறது. ஜப்பானில் இப்படிச் செய்வதாகப் படித்திருக்கிறேன். மனம் ஒருமுகப்படுகிறது. நூலகத்தில் புத்தகத்துக்குத் தேதி முத்திரை குத்தும் பணியை வாசகர்களிடமே ஒப்படைத்துவிட்டேன். அவரவர் புத்தகத்துக்கு அவரவர் குத்திக்கொள்கிறார்கள். மக்கள் பங்கேற்பு.

இந்தப் பேனா சரியில்லை. எழுத்து கோணலாக வருகிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாதிரி எடுத்தார்கள். ஒரு மாதம் வெட்டாத நகத்தோடு போனதற்கு டாக்டர் என்னைப் பாராட்டினார். அண்மையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

நகத்தின் நுனியை வெட்டி விலக்கிவிட்டு, நகம் சதையோடு ஒட்டியிருக்கும் எல்லை வரை உள்ளே போய், அங்கிருந்து மாவைச் சுரண்டி எடுத்தார். வெள்ளைத் தூள் தெரிவதற்காகக் கறுப்புக் காகிதம். நுனியில் பூஞ்சை செத்துக் கிடக்கலாம், உயிரோடு இருப்பது உள்ளேதானாம். எடுத்ததை மூன்று பங்காகப் பிரித்தார். கொஞ்சம் கண்ணாடித் தகட்டில். கொஞ்சம் பூஞ்சை வளர்க்கிற குழாயில். வெட்டிய நகத் துண்டு ஒரு சிறு பாட்டிலில் மூழ்கி நோயியல் பிரிவுக்குப் போனது.

தகட்டில் ஒரு சொட்டுக் காரக் கரைசல் விட்டார். அது நகத்தைக் கரைக்கும், பூஞ்சையைக் கரைக்காது. காத்திருந்தோம். பிறகு நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

"கிளை விட்ட நூல் மாதிரி ஏதாவது தெரியுதா?"

கண்ணாடிச் சில்லுகள் போல ஏதோ இருந்தன. நூல் இல்லை. இன்னொரு முறை பார்க்க அனுமதி கேட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

"அப்படியானால் பூஞ்சை இல்லையா டாக்டர்?"

"இந்தத் தகட்டுல தெரியலை. அவ்வளவுதான் இப்போ சொல்லலாம். இந்த டெஸ்ட் இருக்கிறதைச் சில சமயம் தவற விட்டுடும். அதனாலதான் மத்த ரெண்டும். குழாயில வளர்க்கிற கல்ச்சர் முடிவு வர ஒரு மாசம் ஆகும். என்ன, இல்லைன்னு சொன்னா முகம் வாடுது?"

வாடவில்லை. பூஞ்சைக்கு மருந்து இருக்கிறது, தீர்ந்து போகும் என்று கோதண்டம் சொல்லியிருக்கிறார். அதனால் கேட்டேன்.

மார்ச் 3

அப்பாவின் நினைவு நாள். மாதா கோயிலில் பூசைக்குக் கொடுத்தோம். படத்துக்கு மாலை போட்டேன். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். படத்தில் இரண்டு கைகளையும் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல படம்.

மார்ச் 20, வியாழன்

வெற்றி. கல்ச்சர் முடிவு வந்துவிட்டது. குழாயில் கறுப்பாக ஒன்று வளர்ந்திருக்கிறதாம். தாளில் அதற்கு லத்தீன் மொழியில் இரண்டு சொல் கொண்ட பெயர் போட்டிருக்கிறது. எனக்கு என்ன நோய் என்று முதன்முறையாக அச்சில் பார்க்கிறேன்.

நூலகம் முடிந்ததும் நேரே கிளப்புக்குப் போய்த் தாவூத் பாயிடம் காட்டினேன். அவர் தாளைத் தொடாமல், குனிந்து படித்தார்.

"அப்ப இருக்குதுன்றீங்க."

"இருக்கிறது. பெயர் தெரிந்துவிட்டது. இனி மருந்துதான் பாக்கி."

"சந்தோசம் சார்" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார். இன்று காகிதக் கப்பும் வரவில்லை.

பெர்னத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பூஞ்சைன்னு போட்டதுக்கா இவ்ளோ குஷி? செவ்வாய்க்கிழம நானும் வரேன்" என்றாள். வேலைக்கு லீவு போட வேண்டிய அளவுக்கு ஒன்றுமில்லை என்றேன். போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

மார்ச் 25, செவ்வாய்

டாக்டர் தாளைப் படித்தார். குழாயை வரவழைத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒரே ஒரு இடத்துல வளர்ந்திருக்கு. அதுவும் நகத்தூள் வெச்ச இடத்துல இல்ல, ஓரத்துல. சார், இது உங்க நகத்துப் பூஞ்சை இல்ல. காத்துல பறக்கிற பூசணம். பழைய ரொட்டியில, ஈரச் சுவத்துல, பழைய பேப்பர்ல வரும். நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?"

"கிளை நூலகத்தில்."

டாக்டர் சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். "அன்னிக்கு நேரா அங்கிருந்துதான் வந்தீங்களா?"

பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அலமாரிகளைத் தட்டிவிட்டு வந்ததாகச் சொன்னேன். ஆக, மருத்துவமனை ஒரு மாதம் வெதுவெதுப்பாக வைத்து வளர்த்தது எங்கள் நூலகத்தை. சந்தேகம் இருக்கக் கூடாது என்று ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்து இன்னொரு முறை மாதிரி எடுத்தார். தகட்டில் இந்த முறையும் நூல் இல்லை.

பிறகு நோயியல் பிரிவின் தாளை எடுத்தார். நகத் துண்டை மெல்லியதாகச் சீவி, பூஞ்சை இருந்தால் சிவந்து தெரியும்படி சாயம் ஏற்றித் தேடியிருக்கிறார்கள். பூஞ்சை இல்லை. வேறு சில மாற்றங்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. டாக்டர் அதை மேசைமேல் வைத்துவிட்டு விளக்கு பொருத்திய ஒரு சிறு பூதக்கண்ணாடியோடு என்னிடம் வந்தார். நகத்துக் குழிகளைப் பார்த்தார். என்னைத் திருப்பி, தலைமுடியை விலக்கிப் பார்த்தார்.

"இது எவ்வளவு நாளா?"

"பொடுகு. ஷாம்பூ ஒத்துக்கொள்ளவில்லை."

சட்டைக் கையை மேலே ஏற்றினார். "முழங்கையில இந்தச் சொரசொரப்பு?"

"மேசையில் ஊன்றி ஊன்றி வந்தது."

விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவில் நான் கையை இழுத்துக்கொண்டேன். கூச்சம்.

"காலைல எழுந்ததும் விரல் எல்லாம் விறைப்பா இருக்கா?"

"இல்லை டாக்டர்."

"பொய்" என்றாள் பெர்னத்.

அதுவரை சுவர் ஓரம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள்.

"ஊறுகா மூடி தெறக்க முடியல டாக்டர். சட்டைக்குப் பொத்தான் போட முடியல, அதுக்கு ஒரு கத வெச்சிருக்காரு. காப்பி டம்ளர விட மாட்டாரு, சூடுக்கு. நான் தூங்குறேன்னு நெனச்சிக்கினு விடியக்காலைல எழுந்து உக்காந்து ஒவ்வொரு விரலா நீவி விட்டுக்கினு இருப்பாரு. நானும் கண்ண மூடிக்கினு கெடப்பேன். கேட்டா இன்னும் மறைப்பாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கை கழுவும் முறை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு படிகள்.

"குடும்பத்துல யாருக்காவது இப்படி?"

"மாமாவுக்கு" என்றாள் பெர்னத். "கடைசில பத்து வெரலும் கொக்கி மாதிரி மடங்கிப் போச்சி. சோறு நான்தான் ஊட்டினேன். இவரு அந்த ரூமுக்கே வர மாட்டாரு."

டாக்டர் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். இது சொரியாசிஸ் என்றார். முதலில் நகத்திலும் தலையிலும் வந்திருக்கிறது, இப்போது மூட்டுக்குள்ளும் போகத் தொடங்கியிருக்கிறது. யாரிடமிருந்தும் எனக்கு ஒட்டியதல்ல, என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது.

"ஆனா அப்பாவுக்கு ஆன மாதிரிதானே ஆகும்?" என்று கேட்டேன். எழுத்துத் தமிழில் கேட்க மறந்துவிட்டது.

"அவர் காலத்துல யாரும் பேர் கூட சொல்லியிருக்க மாட்டாங்க. இப்போ மருந்து இருக்கு. மூட்டு கெட்டுப் போறதுக்கு முன்னால ஆரம்பிச்சா நல்லாவே கேட்கும். நீங்க பூஞ்சைன்னே நெனச்சுத் தடவிக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா, நான் இவ்வளவு தைரியமா பேச மாட்டேன்."

கேரம் கிளப் கேட்ட கடிதத்தைப் பற்றி பெர்னத் சொன்னாள். டாக்டர் அவளிடம், "கேரம் ஆடுவாரா? நகத்துல திரும்பத் திரும்ப அடிபட்டா இது கூடும். அந்த ரெண்டு விரலுக்கும் ஓய்வு கொடுங்க" என்றார்.

"வேற வெரல்ல ஆடலாமா?"

"வலிக்காத விரல்ல ஆடலாம்."

பெர்னத் என் கையை எடுத்து மோதிர விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள், காய்கறி வாங்குகிறவள் மாதிரி.

மார்ச் 26

எழுதுவதற்கு ஒன்றுமில்லை. காலையில் பெர்னத் என் சட்டைக்குப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள், மேல் பொத்தான் உட்பட. ஜனவரி 6 முடிவு இன்று ஒரு நாள் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஏப்ரல் 3

மூட்டு டாக்டரைப் பார்த்தோம். எக்ஸ்ரேயில் எலும்புகள் கெடவில்லை. கல்லீரலும் நன்றாக இருக்கிறதாம், கோதண்டத்தையும் மீறி. வாரத்தில் ஒரே ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டால் ஆபத்து என்று மூன்று முறை சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை என்று பெர்னத் முடிவு செய்தாள். மாத்திரை அட்டை அவள் பீரோவில், சாவி அவள் இடுப்பில்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரண்டாவது கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை. நூலகம்கூட வளரவில்லை. டாக்டர் செண்பகவல்லி கடிதம் கொடுத்தார். அதைத் தாவூத் பாயிடம் நீட்டினேன். இந்த முறை கையில் வாங்கிப் படித்தார். பிறகு கிளப்பில் இருந்த எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"ஒட்டாதாம்பா. கவர்மென்ட் டாக்டரே கையெழுத்து போட்டுக்கீறாங்க."

ஒரு பலகையில் நான்காவது ஆள் இல்லாமல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாவூத் பாய் அங்கிருந்த ஸ்ட்ரைக்கரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கை கையில் பட்டது. தேநீர் கண்ணாடி டம்ளரில் வந்தது. வழக்கம்போல் சர்க்கரை அதிகம்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சார், அந்த டாக்டரம்மா கால் நகமெல்லாம் பாப்பாங்களா?"

"பார்ப்பார்கள். யாருக்கு?"

"தெரிஞ்சவரு ஒருத்தருக்கு."

"அழைத்து வாருங்கள்."

"அவரு கொஞ்சம் கூச்சப்படறவரு" என்றார் தாவூத் பாய்.

மே 18, ஞாயிறு

மோதிர விரலால் பயிற்சி. பெர்னத் கற்றுக்கொடுக்கிறாள்.

"வெரல நிமித்தாதீங்க. கோழி கௌர்ற மாதிரி இருக்குது."

"இருபது வருடமாக ஆடுகிறேன் பெர்னத்."

"அது அந்த வெரலு ஆடுச்சி. இது இன்னைக்குத்தான் பொறந்துருக்குது. தவழ விடுங்க மொதல்ல."

என் காய் ஒன்றும் விழவில்லை. அவளுடைய காய்கள் இரண்டை நான் விழ வைத்தேன். முன்னேற்றம் என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

மாத்திரை. கொஞ்சம் குமட்டல். தேதி முத்திரையை வாசகர்களிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர்கள் அடுத்த வருடத் தேதியைக் குத்திக்கொண்டிருந்தது தெரியவந்தது.

ஜூலை 13, ஞாயிறு

நகங்களின் அடியில், வேர்ப்பக்கம், நகக்கண் ஓரமாகச் சிறு பிறை அளவுக்குக் குழி இல்லாத நகம் வந்திருக்கிறது. முழுவதும் மாற வருடம் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். பெர்னத்திடம் காட்டினேன். விளக்கைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். அப்புறம் மறுபடியும் ஒரு முறை பார்த்தாள்.

ஊறுகாய்க் கம்பெனி மூடியைச் சரிசெய்துவிட்டது. நான் எழுதாமலே.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம், மிட்டாய், பிறகு போட்டி. தம்பதியர் பிரிவில் இறுதி ஆட்டம் வரை போனோம். கடைசிப் பலகையில் சிவப்புக் காயைப் பெர்னத் போட்டாள். மூலையில் இருந்து மூலைக்கு, இடையில் இருந்த எதையும் தொடாமல். அடுத்த காயும் அவளே போட்டு அதை உறுதி செய்தாள். மீதி இருந்த ஒரே காய் அவளுக்கு விழாமல் என் முறைக்கு வந்து சேர்ந்தது. அது பாக்கெட்டின் விளிம்பில் நின்று, யோசித்து, அங்கேயே தங்கிவிட்டது. இரண்டாம் பரிசு.

"அடுத்த வருசத்துக்குள்ள அந்த வெரலு நடக்கக் கத்துக்கும்" என்றாள் பெர்னத், ஜெயித்தவர்களிடம்.

புகைப்படம் எடுத்தார்கள். அதில் என் சட்டையின் எல்லாப் பொத்தான்களும் போட்டிருக்கும். நானேதான் போட்டேன். நேரமாகிவிட்டது என்று பெர்னத் வாசலில் நின்று கத்திக்கொண்டே இருந்தாள், ஆனால் உதவிக்கு வரவில்லை.

பந்தல் பிரிக்கும்போது தாவூத் பாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஷூவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சார், அந்தத் தெரிஞ்சவரு நாந்தான்."

"தெரியும் பாய்."

"எப்பத்துலேந்து?"

"செவ்வாய்க்கிழமை வாருங்கள். நான் கூட வருகிறேன். நகத்தை வெட்ட வேண்டாம். கோதண்டம் எதையாவது கொடுத்தால் தடவ வேண்டாம். தேய்த்துக் கழுவவும் வேண்டாம்."

"அழுக்கா போய் நின்னா திட்ட மாட்டாங்களா?"

"சுத்தமாகப் போனால்தான் திட்டுவார்கள்."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மாத்திரை நாள். நூலகத்துக்கு அரை நாள் விடுப்பு. தாவூத் பாயைத் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். நகம் வெட்டாமல் வந்திருந்தார். சாக்ஸைக் கழற்ற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டாக்டர் செண்பகவல்லி சுரண்டி எடுத்து, ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தார். முதல் தகட்டிலேயே பூஞ்சை இருந்தது.